கொழும்பில் குடும்பத்தோடு எங்கே தங்குவது? அந்த இரண்டு கூட்டல் குறிக் கதையும் இருக்கிறது

வணக்கம் உறவுகளே. வழக்கமாகத் தேத்தண்ணிக் கோப்பையோடுதான் வந்து உட்காருவேன். இன்றைக்கு அதற்குக்கூடப் பொறுமை இல்லை, நேராக விஷயத்துக்கு வருகிறேன். லீவுக்குக் கொழும்பு போகப்போகிறோம் என்று போன வீடியோவில் சொன்னேன் இல்லையா? போய் வந்தாயிற்று. ஆனால் மிருகக்காட்சிசாலையைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால், அறை தேடின கதையைச் சொல்லியே ஆக வேண்டும்.

கோட்டைப் பக்கம் ஒரு ஹோட்டல். பெயர் வேண்டாம். படம் அழகு, கடல் தெரிகிறது, கீழே பெரிய எழுத்தில் 15,000 ரூபா. அந்தத் தொகைக்குப் பக்கத்தில், கண்ணாடி போட்டால்தான் தெரியும் அளவில், இரண்டு கூட்டல் குறி. முதல் கூட்டல் 10 வீதம் சேவைக் கட்டணம். அதோடு 16,500. இரண்டாவது கூட்டல் 18 வீதம் வற் (VAT) வரி. அந்த 18 வீதத்தை 15,000க்குப் போடவில்லை, 16,500க்குப் போடுகிறார்கள். அது 2,970. ஆக மொத்தம் 19,470 ரூபா! ஓர் இரவுக்கு 4,470 ரூபா கூட. வரியே வாங்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. 2024 ஜனவரியில் 15இலிருந்து 18 ஆக ஏறினது எல்லோருக்கும் தெரிந்ததுதான். கடைசியில் கையிலிருந்து போகப்போவது 19,470 என்றால் அதையே பெரிய எழுத்தில் போடுவதற்கு என்ன? தேயிலைத் தோட்டத்திலிருந்து சீட்டுக் காசு சேர்த்துக்கொண்டு பிள்ளைகளோடு வருகிற குடும்பத்துக்கு அந்த 4,470 என்பது ஒரு நாள் சாப்பாடு. எனக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை.

அதனால் எங்கே போன் எடுத்தாலும் நான் கேட்ட முதல் கேள்வி இதுதான்: "எல்லாம் சேர்த்து, நான் கையில் கொடுக்கும் காசு எவ்வளவு?" பதிலை வட்ஸ்அப்பில் எழுத்தில் அனுப்பச் சொன்னேன். இது எப்படிக் கைகொடுத்தது என்று பிறகு சொல்கிறேன், அது பெரிய கதை.

சரி, இடத்துக்கு வருவோம். என் முடிவு வெள்ளவத்தை. குடும்பத்தோடு, அதுவும் வயதானவர்களோடு போகிறீர்கள் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வெள்ளவத்தை. அம்மாவை உங்களுக்குத் தெரியும், ரொட்டி வீடியோவில் கட்டசம்பல் அரைத்தவர். அத்தனை வருடம் மலையில் ஏறி இறங்கிக் கொழுந்து பறித்த முழங்கால் அது. அவருக்குப் படி ஏற முடியாது, சிங்களக் கடைச் சாப்பாடு காரம் ஒத்துக்கொள்ளாது, யாரோடாவது தமிழில் நாலு வார்த்தை பேசாவிட்டால் முகம் வாடிவிடும். வெள்ளவத்தையில் காலி வீதியில் இறங்கினால் சைவக் கடை, காலையிலேயே இடியப்பமும் சொதியும். மருந்துக் கடையில் தமிழ். சாயந்தரம் மயூரபதி அம்மன் கோயில். அம்மா அங்கே பக்கத்தில் உட்கார்ந்திருந்த பதுளைக்கார அம்மாவோடு பேச ஆரம்பித்து, கிளப்புவதற்கே பெரும்பாடாகிவிட்டது.

ஆ, ஒன்று விட்டுவிட்டேன். போகும் வழி. ஹட்டனிலிருந்து பஸ்தான். கினிகத்தேனை, கித்துல்கல, அவிசாவளை வழியாக. கினிகத்தேனை வளைவுகளில் சின்னவளுக்கு வாந்தி வரும், தேசிக்காயைக் கையில் கொடுத்துவிடுங்கள். புறக்கோட்டையில் இறங்கினதும் பசங்களுக்காக ஓட்டோவை விட்டுவிட்டுக் கோட்டை ஸ்டேஷனில் கரையோர ரயில் பிடித்தோம். கொம்பனித்தெரு, கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, அடுத்தது வெள்ளவத்தை. வலது பக்கம் முழுக்கக் கடல். பெரியவன் வாயே மூடவில்லை. ஆனால் ஆபீஸ் நேரத்தில் ஏறாதீர்கள், ரயில் படி உயரம், அம்மாவை இரண்டு பேர் தூக்கித்தான் ஏற்றினோம். திரும்பி வரும்போது ஓட்டோதான்.

"அக்கா, ஏன் கொட்டாஞ்சேனை இல்லை?" என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். நியாயமான கேள்வி. நம்ம ஆட்கள் பாதிப் பேர் புறக்கோட்டைக் கடைகளில் வேலை, சொந்தக்காரர்கள் எல்லாம் அந்தப் பக்கம்தான். அறையும் மலிவு. கல்யாணத்துக்கு நகை எடுக்கச் செட்டியார் தெருவுக்குப் போகிறீர்கள், செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியாருக்கு நேர்த்தி இருக்கிறது, பொன்னம்பலவாணேசர் கோயில் கருங்கல் வேலையை நின்று பார்க்க வேண்டும் என்றால் கொட்டாஞ்சேனையிலேயே தங்குங்கள். அந்தக் கோயிலுக்காகவே நான் ஒரு முறை அங்கே தங்குவேன். ஆனால் பிள்ளைகளுக்கு வேண்டியது தெஹிவளை மிருகக்காட்சிசாலை. அது நகரத்தின் அடுத்த முனை. வெள்ளவத்தையிலிருந்து அடுத்த ஸ்டேஷனே தெஹிவளை, அங்கிருந்து ஓட்டோவில் கொஞ்ச தூரம். வெயிலில் நகரத்தைக் குறுக்கே கடந்து பிள்ளைகளை இழுத்துக்கொண்டு போவதை நினைத்தாலே எனக்கு ஆகாது.

புறக்கோட்டை பஸ் ஸ்டாண்டைச் சுற்றி இருக்கும் லொட்ஜ் மட்டும் வேண்டாம். விடியும் முன்பே ஹோர்ன் சத்தம், மணிக்கணக்கில் அறை விடும் இடங்களும் உண்டு. குடும்பத்துக்கு அது சரிவராது, அவ்வளவுதான்.

நாங்கள் எடுத்தது நாள் வாடகைக்கு விடும் ஒரு பிளட். இரண்டு அறை, ஒரு குசினி. குசினி இருப்பதுதான் எனக்கு முக்கியம். நம்ம தோட்டத்துத் தேயிலையை ஒரு பையில் கட்டிக்கொண்டு போனேன். கொழும்பில் கடையில் கொடுக்கிற அந்தப் பால் தேத்தண்ணியை நான் குடிக்க மாட்டேன் என்று உங்களுக்கே தெரியும். விடிய எழும்பி அம்மாவுக்கு இஞ்சித் தேத்தண்ணி, பசங்களுக்குப் பால், அதுவே பெரிய நிம்மதி.

வாடகை ஓர் இரவுக்கு 18,000, எல்லாம் சேர்த்து, வட்ஸ்அப்பில் எழுத்தில். கிளம்புகிற அன்று காலை சாவி வாங்க வந்த தம்பி, "அக்கா, ஏசி கரண்ட் காசு தனி" என்று மீட்டரைக் காட்டினான். நான் ஒரு வார்த்தை சத்தம் போடவில்லை. போனை எடுத்தேன், மெசேஜைத் திறந்தேன், "ஏசியும் சேர்த்து" என்று அவர்களே எழுதியிருந்த வரியை அவன் கண்ணுக்கு நேரே பிடித்தேன். அவன் வாசித்தான், முதலாளிக்குப் போன் எடுத்தான், ஒரு நிமிடம் கேட்டுக்கொண்டிருந்தான். "சரி அக்கா, ஒன்றும் தேவையில்லை." அவ்வளவுதான்! என் வீட்டுக்காரர் பையைத் தூக்கிக்கொண்டே சிரிக்கிறார். அவிசாவளை வரும்வரை நான் இதைப் பற்றித்தான் பேசிக்கொண்டு வந்தேன். எழுத்தில் வாங்குங்கள், உறவுகளே. தயவுசெய்து எழுத்தில் வாங்குங்கள்.

ஏசி வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு: வேண்டும். நாம் 1,200 மீட்டருக்கு மேலே கம்பளி போர்த்திக்கொண்டு தூங்குகிறவர்கள். கடல் மட்டத்தில் அந்தப் புழுக்கத்தில் பிள்ளைகள் தூங்காது. சுடுதண்ணி இருக்கிறதா என்று கேட்கிற நம்ம பழக்கத்தை அங்கே விட்டுவிடலாம், குழாயில் வருகிற தண்ணியே வெதுவெதுப்பு. நுளம்புக்கு மட்டும் கவனம், டெங்கு இருக்கிற ஊர், வலையோ நுளம்புச் சுருளோ கொண்டு போங்கள்.

லிப்ட் பற்றிச் சொல்லவில்லையே! "லிப்ட் இருக்கிறதா?" என்று கேட்டால் மட்டும் போதாது. "கரண்ட் போனால் லிப்டுக்கும் ஜெனரேட்டர் இருக்கிறதா?" என்று கேளுங்கள். சில இடங்களில் ஜெனரேட்டர் லைட்டுக்கும் பேனுக்கும் மட்டும்தான். நாலாவது மாடியில் முழங்கால் வலிக்காரரோடு மாட்டிக்கொண்டால் என்ன செய்வது? நாங்கள் கேட்டு முதலாம் மாடியே எடுத்தோம்.

பெரியவர்கள் எல்லோரும் அடையாள அட்டை கொண்டு போங்கள், சாவி கொடுக்கும் முன் கேட்பார்கள். இன்னொன்று, யாழ்ப்பாணத்து நல்லூர்த் திருவிழாக் காலத்தில் கனடா, லண்டன் ஆட்கள் வந்து வெள்ளவத்தையில் இறங்குவார்கள், பிளட் வாடகை ஏறிவிடும். முடிந்தால் அந்த நாட்களை விட்டுவிட்டுப் போங்கள்.

மிருகக்காட்சிசாலையும் தாமரைக் கோபுரமும் அடுத்த வீடியோவில். கொட்டாஞ்சேனையில் லிப்ட் இருக்கிற, குடும்பம் தங்கக்கூடிய நல்ல இடம் தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். விலையை மட்டும் எல்லாம் சேர்த்துப் போடுங்கள்.