ஆப்பசோடாவுக்குள் இருக்கும் புகை

நேயர்களுக்கு வணக்கம். புகைபோக்கியிலிருந்து கரியமில வாயுவைப் பிடித்துச் சரக்காக்கி விற்றால் கட்டுப்படியாகுமா என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். நான் ஆப்பசோடாவிலிருந்து ஆரம்பிக்கிறேன். அடுப்படியில் நின்று கேட்கிறவர்கள் அந்த டப்பாவைக் கையில் எடுத்துக்கொள்ளலாம்.

எங்கள் ஆச்சி ஆப்ப மாவில் ஒரு சிட்டிகை சோடா போட்டுக் கலக்கிச் சட்டியில் ஊற்றிச் சுழற்றுவாள். கொஞ்ச நேரத்தில் மாவெல்லாம் கண் திறக்கும். "மாவு மூச்சு விடுதுலே" என்பாள். நான் சிரிப்பேன். வேதியியல் படிக்கப் போன பிறகுதான் ஆச்சி சொன்னது அப்படியே சரி என்று புரிந்தது. நாம் வெளியே விடும் மூச்சில் இருப்பதும் கரியமில வாயு, மாவு விடுவதும் அதே. ஒரு டன் ஆப்பசோடா செய்ய 520 கிலோ கரியமில வாயு அதற்குள் போகிறது. பாதிக்கு மேல் வாயுதான்!

அந்த வாயு எங்கிருந்து வருகிறது? தூத்துக்குடி ஆல்கலி கெமிக்கல்ஸ் ஆலையில் 2016-இல் ஒரு வேலை செய்தார்கள். நிலக்கரியில் ஓடும் கொதிகலனின் புகையை ஒரு கரைசலின் தூறலுக்குள் விட்டார்கள். கரைசல் கரியமில வாயுவை மட்டும் பிடித்துக்கொள்ளும், சூடாக்கினால் விட்டுவிடும். ஆண்டுக்கு 60,000 டன் பிடிக்கும் அமைப்பு. உப்பும் அம்மோனியாவும் இந்த வாயுவும் சேர்ந்தால் சோடா. உப்புக்குத் தூத்துக்குடியில் பஞ்சமா என்ன?

இதில் அரசு மானியம் கிடையாது. அதுதான் உலகமே திரும்பிப் பார்த்த விஷயம். ஆலையின் நிர்வாக இயக்குநரிடம் பிபிசி வானொலிக்காரர்கள் கேட்டபோது, தான் ஒரு வியாபாரி, பூமியைக் காப்பாற்றுவதைப் பற்றி நினைத்ததே இல்லை, தடங்கலில்லாமல் வாயு வேண்டியிருந்தது, அவ்வளவுதான் என்கிற மாதிரி சொன்னார். எனக்கு அந்தப் பதில் ரொம்பப் பிடிக்கும். வாயுவைப் பிடிக்கும் தொழில்நுட்பத்தைக் கொடுத்த நிறுவனம் டன்னுக்கு 30 டாலர் அளவில் ஆகும் என்றது. வாயு எப்படியும் வாங்க வேண்டிய பண்டமாக இருந்தால் அந்தக் கணக்கு உதைக்காது.

சரி, எல்லா ஆலையும் இப்படிச் செய்யலாமே? இங்கேதான் சிக்கல். ஆப்பசோடாவைச் சூடாக்கினால் வருவது சோடா சாம்பல், கண்ணாடிக்கும் சலவைத்தூளுக்கும் போகிற சரக்கு. உலகம் முழுக்க ஆண்டுக்குச் செய்யும் சோடா சாம்பல் 6 கோடி டன் சொச்சம். அத்தனையையும் புகையிலிருந்தே செய்தாலும் சுமார் இரண்டரைக் கோடி டன் வாயுதான் உள்ளே போகும். உலகம் ஆண்டுக்குப் புகையாக வெளியே விடுவது 3,700 கோடி டன். இன்னொன்று, ஆச்சியின் மாவு மூச்சு விட்டதே, அது பிடித்த வாயு மறுபடி வெளியே போனதுதான்.

அப்போ எரிபொருளாக்கினால்? எரிபொருளுக்குத்தான் சந்தை பெரிது. ஆனால் கரியமில வாயு என்பது எரிந்து முடிந்த கரி. அடுப்புச் சாம்பலை வைத்து ஆச்சி பாத்திரம் தேய்த்தாள். அதற்குச் செலவு இல்லை. அந்தச் சாம்பலை மறுபடி விறகாக்கு என்றால், எரிந்தபோது வந்த சூடு அத்தனையையும், அதற்கு மேலும், திரும்பக் கொடுக்க வேண்டும். வாயு இலவசமாகவே கிடைத்தாலும் இந்தச் செலவு போகாது. திரும்பவும் சொல்கிறேன், வாயு இலவசமானாலும் போகாது.

மெத்தனாலை எடுத்துக்கொள்ளுங்கள், கரியமில வாயுவோடு ஹைட்ரஜனைச் சேர்த்துச் செய்யக்கூடிய எரிபொருள். ஒரு டன் மெத்தனாலுக்கு 190 கிலோ ஹைட்ரஜன் வேண்டும். தண்ணீரைப் பிரித்து ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுக்க 50 யூனிட்டுக்கு மேல் மின்சாரம். பெருக்கினால் 9,500 யூனிட். இரண்டு மாதத்துக்கு 400 யூனிட் ஓடும் வீட்டுக்கு அது நாலு வருஷ மின்சாரம். யூனிட் 5 ரூபாய் என்றால் மின்சாரத்துக்கே 47,500 ரூபாய். இயற்கை எரிவாயுவிலிருந்து வரும் மெத்தனால் பெரும்பாலும் அதற்குக் கீழேதான் விற்கிறது. ஐஸ்லாந்தில் 2010களில் செய்து காட்டினார்கள், ஆண்டுக்கு 4,000 டன். நோபல் பரிசு பெற்ற ஜார்ஜ் ஓலாவின் பெயரை ஆலைக்கு வைத்தார்கள். அங்கே பூமிக்கடியிலிருந்து நீராவி வருகிறது, மின்சாரம் மலிவு. அதுவும் காற்றை அழுக்காக்காத மின்சாரமாக இருக்க வேண்டும். நிலக்கரி மின்சாரத்தில் செய்தால் பிடித்ததைவிட அதிகம் விட்டிருப்போம்.

மணி பார்க்கிறேன், ஒரு நிமிடம்கூட இல்லை. ஆப்பசோடாவிலேயே நின்றுவிட்டேன், மன்னிக்க வேண்டும். இதே வாயுவை வைத்துச் செய்யும் யூரியா உரத்தைத் தொடவே இல்லை. கான்கிரீட்டைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. ஈரமான கான்கிரீட்டுக்குள் இந்த வாயுவைச் செலுத்தினால், அது சுண்ணாம்பைப் பிடித்துக்கொண்டு கல்லாகிவிடும். சூடு கொடுக்க வேண்டியதில்லை, திரும்ப மூச்சும் விடாது. ஆனால் கல் மலிவான சரக்கு; வாயுவை லாரியில் ஏற்றி வரும் வாடகையைத் தாங்காது. இந்த வாயுவைப் புகையாக விடும் சிமெண்ட் ஆலைக்குப் பக்கத்திலேயே செய்தால் பார்க்கலாம். வணக்கம்.