மாத்திரை மேல் போடும் பழி

வணக்கம் நேயர்களே. டர்பனின் சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ் பக்கமிருந்து என்னிடம் வரும் பெண்கள் பலர் ஒரே பயத்தைத்தான் சொல்கிறார்கள். "வருஷக்கணக்கா கருத்தடை மாத்திரை சாப்பிட்டேன் டாக்டர், அதனாலதான் குழந்தை தங்கலையா?" கூட வந்த மாமியாரும் ஆமாம் என்று தலையாட்டுவார். எனக்கு மனசு பொறுப்பதில்லை, ஏனென்றால் இது பெரும்பாலும் வீண்பழி.

மாத்திரை சினைமுட்டை வெளிவருவதைத் தடுத்து வைக்கிறது. நிறுத்தினால் பெரும்பாலோருக்கு 1 முதல் 3 மாதத்துக்குள் முட்டை மறுபடி வர ஆரம்பித்துவிடும். ஆனால் 16 வயதில் மாதவிலக்கு தாறுமாறாக வந்ததால்தான் அந்த மாத்திரையையே கொடுத்தார்கள் என்றால் கதை வேறு. பிசிஓஎஸ், அதாவது ஹார்மோன் கோளாறால் முட்டை ஒழுங்காக வெளிவராத நிலை, உள்ள பெண்ணுக்கு, மாத்திரை அட்டையின் கடைசியில் இருக்கும் ஹார்மோன் இல்லாத அந்த 7 வெறும் மாத்திரை நாட்களில் தேதி தவறாமல் ரத்தம் வருகிறதே, அது முட்டை வந்ததற்கு அடையாளம் இல்லை, ஹார்மோன் நின்றதால் வருவது. அட்டையை நிறுத்தியதும் பழைய தாறுமாறு திரும்புகிறது, பழி மாத்திரை மேல் விழுகிறது. கருப்பையின் உள்சவ்வு போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸிலும் மாத்திரை வலியை அடக்கும், நோயை வேரோடு எடுக்காது, கரு தங்கும் வாய்ப்பைக் கூட்டவும் செய்யாது.

கருத்தடை ஊசி விஷயம் மட்டும் கொஞ்சம் தனி. நம் அரசு கிளினிக்குகளில் இலவசமாகப் போடும் 3 மாத ஊசி, அதுதான் டெப்போ, உடம்பிலிருந்து மெதுவாகத்தான் போகும். கடைசி ஊசிக்குப் பிறகு கரு தங்க சராசரியாக 9, 10 மாதம் ஆகலாம், சிலருக்கு அதற்கும் மேலே. இது தாமதம்தான், மலட்டுத்தன்மை இல்லை. ஆனால் பிசிஓஎஸ் இருக்கும் 34 வயதுப் பெண்ணுக்கு இந்தத் தாமதமே பெரிய விஷயம், அதனால் அடுத்த வருஷம் குழந்தை வேண்டும் என்று நினைத்தால் இப்போதே நர்ஸிடம் சொல்லி வேறு முறைக்கு மாறிக்கொள்ளுங்கள். கையில் தோலுக்கடியில் வைக்கும் கருத்தடைக் குச்சியான இம்ப்ளான்ட்டை எடுத்தால் சில வாரத்திலேயே முட்டை வந்துவிடும்.

அப்புறம் இன்னொன்று, மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே சினைமுட்டை இருப்பைக் காட்டும் ஏஎம்எச் ரத்தப் பரிசோதனை செய்தால் அளவு குறைத்துக் காட்டலாம், அதைப் பார்த்து அழாதீர்கள், முதலில் மாத்திரை சாப்பிடுவதை டாக்டரிடம் சொல்லுங்கள். சாதாரணமாக 35 வயதுக்குள் ஒரு வருஷம், அதற்கு மேல் 6 மாதம் முயற்சி செய்து பார்க்கச் சொல்வோம். பிசிஓஎஸ், எண்டோமெட்ரியோசிஸ் என்று ஏற்கெனவே தெரிந்தவர்கள் அவ்வளவு நாள் காத்திருக்க வேண்டாம், மாத்திரையை நிறுத்தும் முன்பே ஒரு முறை வந்து பேசுங்கள், முடிந்தால் கணவரையும் கூட்டி வாருங்கள், அவருக்கும் பரிசோதனை உண்டு.