தங்கமா என்று தண்ணீரைக் கேளுங்கள்

வணக்கம் நேயர்களே.

பழைய பெட்டியின் அடியில் மஞ்சள் நிறத்தில் ஓர் உலோகத் துண்டு கிடைக்கிறது. எதிலிருந்து உடைந்தது என்று தெரியவில்லை, கையில் வைத்தால் கனக்கிறது. உடனே பலர் காந்தத்தைத் தேடுகிறார்கள். ஒட்டவில்லை என்றால் தங்கம் என்று மகிழ்ந்துவிடுகிறார்கள். செம்பும் பித்தளையும் ஈயமும்கூடக் காந்தத்தில் ஒட்டாது. தங்கச் சங்கிலியின் கொக்கிக்குள் எஃகுச் சுருள் இருப்பதுண்டு, அந்த இடம் மட்டும் ஒட்டினால் பதற வேண்டியதும் இல்லை. ஆயிரத்தில் எத்தனை பங்கு தங்கம் என்று சொல்லும் 916, 750 என்ற முத்திரை எண்களைப் பாருங்கள், ஆனால் முத்திரையைப் போலியாகவும் குத்தலாம்.

நான் முதலில் நம்புவது தண்ணீரைத்தான். கிராமில் ஒரு சிறு பங்கையும் காட்டும் தராசு ஒன்று போதும். துண்டின் எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். 38.6 கிராம் என்று வைத்துக்கொள்வோம். இப்போது தராசில் தண்ணீர்க் குவளையை வைத்து, எண்ணைச் சுழியமாக்குங்கள். துண்டை மெல்லிய நூலில் கட்டி, முழுவதும் மூழ்கும்படி, ஆனால் அடியையோ பக்கத்தையோ தொடாதபடி தொங்கவிடுங்கள். ஒட்டியிருக்கும் காற்றுக் குமிழிகளை நூலை அசைத்து உதிர்த்துவிடுங்கள். தராசு ஓர் எண்ணைக் காட்டும். துண்டு விலக்கிய தண்ணீரின் எடை அது. முதல் எடையை இந்த எண்ணால் வகுத்தால் அடர்த்தி கிடைத்துவிடும்.

சுத்தத் தங்கமானால் 2 கிராம் காட்டும், அடர்த்தி 19.3. பித்தளையானால் நாலரை கிராமுக்கு அருகில் போய்விடும். அதே எடைக்கு இரண்டு மடங்குக்கு மேல் இடம் பிடிக்கிறது பித்தளை! மேலே தங்கம் பூசியிருந்தாலும் உள்ளே இருப்பது தெரிந்துவிடும். 22 காரட் 17 முதல் 18-க்குள், 18 காரட் 15, 16 என்று வரும். 9 காரட் 11 அளவில் நிற்கும், ஈயமும் அங்கேதான். ஆனால் ஈயத்தில் நகக்கீறல் விழும்.

கல் பதித்ததற்கும் உள்ளே கூடானதற்கும் இந்தக் கணக்கு சரிவராது. டங்ஸ்டன் என்ற உலோகத்தின் அடர்த்தியும் 19.25, இந்தச் சோதனையில் தங்கம் போலவே தெரியும் என்பதால், பெரிய கட்டியானால் ஆய்வுக்கூடத்திடம் விட்டுவிடுங்கள்.

அடுத்தது உரைகல், தங்கத்தை உரசிப் பார்க்கும் கல். தேர்ந்த கை அதில் இழுக்கும் கோட்டைப் பார்ப்பது எனக்கு அலுத்ததே இல்லை. துண்டின் ஓரத்தை முதலில் அரத்தால் சிறிது ராவி, பூச்சுக்கு அடியில் உள்ள உலோகத்தையே உரைப்பார்கள். கோட்டின் மேல் ஒரு துளி நைட்ரிக் அமிலம். பித்தளைக் கோடு நொடியில் கரைந்து மறையும். மாற்று, அதாவது தூய்மை, உயர்ந்த தங்கத்தின் கோடு அப்படியே நிற்கும். மாற்று எவ்வளவு என்று முன்பே தெரிந்த தங்க முனை ஊசியால் பக்கத்திலேயே இன்னொரு கோடு இழுத்து ஒப்பிடுவார்கள்.

அந்த அமிலத்தை மட்டும் வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். கணினிப் பலகைகளில் மினுங்கும் தங்கத்தை எடுக்க அமிலத்தில் ஊறவைப்பவர்களை நினைத்தால் மனம் பதறுகிறது. அந்தப் பூச்சு தலைமுடியை விடப் பல மடங்கு மெல்லியது. எழும் செம்பழுப்புப் புகையோ, மணிக்கணக்கில் ஒன்றும் தெரியாமல் இருந்துவிட்டுப் பிறகு நுரையீரலில் நீர் கோக்கச் செய்யும். பலகைகளை அப்படியே மறுசுழற்சிக்குக் கொடுத்துவிடுங்கள்.