அலமாரி மேல் ஒரு சர்வர்

நேயர்களுக்கு வணக்கம். உங்கள் வீட்டுப் பரணிலோ பீரோ மேலோ பழைய லேப்டாப் ஒன்று துணி சுற்றிக் கிடக்கிறதா? எடைக்குப் போட மனசு வராது. திறந்தாலோ ஆமை வேகம். அதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

என்னுடையது 2010இல் வாங்கியது. 2 ஜிபி ராம், கீபோர்டில் இரண்டு கட்டைகள் இல்லை. மொட்டைமாடியில் மழைமானி வைத்து, தினமும் காலை எட்டரைக்கு அளந்து எழுதுவது என் பழக்கம். அந்த மழைக்கணக்கு ஒரு சின்ன இணையதளமாக அந்த லேப்டாப்பிலேயே இருக்கிறது. நீங்கள் முகவரியைத் தட்டினால், பக்கம் எங்கள் வீட்டு அலமாரி மேலிருந்துதான் கிளம்பி வரும்.

சர்வர் என்றதும் பெரிய ஏசி அறையை நினைக்காதீர்கள். ஹோட்டல் சர்வரை நினையுங்கள். கேட்டதை எடுத்துவந்து வைப்பார், கேட்காதபோது சுவரோரம் நிற்பார். கம்ப்யூட்டர் சர்வரும் அதேதான். அது எடுத்துத் தரவேண்டிய சுமையும் சின்னதுதான். கம்ப்யூட்டர் எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் 'க' என்று எழுத 3 பைட், 'கி' என்றால் 6 பைட். பைட் என்பது சேமிப்பை அளக்கும் குட்டி அளவு. ஒரு மாத மழைக்கணக்கு முழுவதும் சில ஆயிரம் பைட்டில் அடங்கிவிடும். செல்போனில் எடுக்கும் ஒரு படம் அதைப்போல நூறு மடங்குக்கு மேல் இருக்கும். இதைத் தூக்கிக் கொடுக்கப் புது எந்திரம் எதற்கு? டெபியன் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம் போட்டேன், கேட்ட பக்கத்தை எடுத்துக்கொடுக்கும் என்ஜின்எக்ஸ் என்ற மென்பொருள் போட்டேன், அலமாரி மேல் ஏற்றினேன். மூடியைச் சாத்தினால் தூங்கிவிடும், அதற்கு மட்டும் அமைப்பில் ஒரு வரி மாற்ற வேண்டியிருந்தது.

இப்போது எங்கள் வீட்டுக் கதை. தீபாவளிக்கு முந்தின நாள், நல்ல மழை. தளம் திறக்கவில்லை என்று நண்பர் போன் செய்கிறார். ஓடிப் பார்த்தால், லேப்டாப் இருந்த பிளக்கில் கிரைண்டர் ஓடிக்கொண்டிருக்கிறது. பேட்டரியோ எப்போதோ செத்துப்போனது.

"ஏம்மா கழட்டின?"

"இத்தனூண்டு லைட்டு மின்னிக்கிட்டு சும்மாதானேடா கெடந்துச்சு!"

மறுபடி உயிர் வந்தபோது அன்றைய கோப்பு காலி. அந்த ஒரு நாள் மழை இன்றுவரை என் கணக்கில் கோடுதான்.

இந்தப் பயம் எனக்கு மட்டும் இல்லை, கேளுங்கள். 1990 கடைசியில் ஜெனீவா அருகே செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ உலகின் முதல் வலை சர்வரை ஓடவிட்டார். அது அவர் மேசைமேல் இருந்த ஒரு நெக்ஸ்ட் கம்ப்யூட்டர். அதன்மேல் சிவப்பு மையில் ஒரு சீட்டு: இது சர்வர், அணைத்துவிடாதீர்கள் என்று. உலகத்துக்கு அப்போது இருந்த வலை முழுவதும் அந்த ஒரு பிளக்கில்! நானும் சிவப்புப் பேனாவில் 'அணைக்காதீர்கள்' என்று எழுதி ஒட்டினேன். அம்மா அதன் கீழே பென்சிலில், 'மாவு அரைக்கும் நேரம் தவிர' என்று சேர்த்துவிட்டார்.

அப்புறம் பேட்டரி மாற்றினேன். பழைய லேப்டாப்பில் இருக்கும் சுகமே இதுதான், கரண்ட் போனால் கைகொடுக்கும் யூபிஎஸ் அதன் வயிற்றிலேயே இருக்கிறது. ஆனால் வயிறு உப்பியிருந்தால் உடனே கழற்றிவிடுங்கள், தீப்பிடிக்கும். இன்னொன்று: கரண்ட் போனால் மோடமும் போய்விடும், அதற்குத் தனியாக ஒரு குட்டி யூபிஎஸ் வேண்டும்.

மின்கட்டணம்? திரையை அணைத்துவிட்டால் என்னுடையது சுமார் 15 வாட். இரவு பகலாக ஓடினாலும் இரண்டு மாத ரீடிங்கில் 22 யூனிட்டுக்குள் முடிகிறது. 80 வாட் இழுக்கும் பழைய டெஸ்க்டாப் என்றால் 115 யூனிட். அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், லேப்டாப் என்று.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரல் காட்டுகிறார்கள். சரி, வேகமாகச் சொல்லிவிடுகிறேன். இணையத்தில் ஒரு இணைப்புக்கு உள்ள எண் விலாசம்தான் ஐபி முகவரி. பல இணைப்புகளில் ஒரே ஐபி முகவரியைப் பல வீடுகள் பங்கு போட்டுக்கொள்கின்றன. அபார்ட்மென்ட்டுக்குக் கதவெண் இல்லாமல் கடிதம் வந்த மாதிரி, வெளியிலிருந்து வருவது உங்கள் வீட்டைச் சேராது. ஆரம்பிக்கும் முன்பே இணைப்பு கொடுப்பவரிடம் தனி ஐபி கிடைக்குமா என்று கேளுங்கள். அப்டேட்களைத் தள்ளிப்போடாதீர்கள், கதவு தெருவைப் பார்த்துத் திறந்திருக்கிறது. வாரம் ஒருமுறை எல்லாவற்றையும் பென் டிரைவில் நகலெடுங்கள், பழைய ஹார்டு டிஸ்க் சொல்லிக்கொண்டு சாகாது. பழைய டெஸ்க்டாப்பில் தூசி தட்டுவது பற்றியும் குறித்து வைத்திருந்தேன், ஒரு விரல்தான் தெரிகிறது. வணக்கம்.