பீரங்கிச் சத்தத்தில் எனக்குத் தூக்கம் வருகிறது

வணக்கம் நண்பர்களே. பழைய போர்ப் படங்களையும் சஸ்பென்ஸ் படங்களையும் பற்றி என் மனத்தில் இருப்பதை இன்று ஒளிக்காமல் பேசப்போகிறேன். நான் எடுத்துக்கொள்ளும் படங்கள் எல்லாமே நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பழையவை என்பதால் அவற்றின் முடிவுகளையும் தயங்காமல் சொல்லிவிடுவேன். இன்னும் பார்க்காதவர்கள் இங்கேயே நிறுத்திவிட்டுப் படத்தைப் பார்த்தபின் திரும்பி வந்தால் எனக்கு வருத்தமில்லை.

முதலில் ஒரு வாக்குமூலம். 1962இல் வெளிவந்த ‘தி லாங்கஸ்ட் டே’ படத்தைப் பார்க்க மூன்று முறை உட்கார்ந்தேன், மூன்று முறையும் நடுவில் தூங்கிப்போனேன். 1944 ஜூன் 6 அன்று நேச நாட்டுப் படைகள் நார்மண்டிக் கடற்கரையில் இறங்கிய கதை அது. கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் ஓடும் அந்தப் படத்தில் ஜான் வெய்ன், ஹென்றி ஃபோண்டா, ராபர்ட் மிச்சம், ஷான் கானரி என்று கல்யாண வீட்டு வரவேற்பைப் போல ஆள்மாற்றி ஆள் வந்து தலைகாட்டிவிட்டுப் போகிறார்கள். யாரைப் பற்றிக் கவலைப்படுவது என்று முடிவு செய்வதற்குள் அடுத்தவர் வந்துவிடுகிறார். ஜெர்மானியர் ஜெர்மன் மொழியிலும் பிரெஞ்சுக்காரர் பிரெஞ்சு மொழியிலும் பேசுகிறார்கள், அந்த நேர்மையை மதிக்கிறேன். ஆனால் ஆயிரக்கணக்கானோர் கரையை நோக்கி ஓடும் காட்சியில் கண் சொக்கிய எனக்கு, ஒரே ஒரு காட்சியில் மட்டும் தூக்கம் முழுதாகக் கலைந்தது. செய்ன்ட் மேர் எக்லீஸ் என்ற சிற்றூரில் வானிலிருந்து குதித்த ஒரு வீரனின் பாராசூட் தேவாலயக் கோபுரத்தில் சிக்கிக்கொள்கிறது. காதுக்கு அருகில் மணி விடாமல் அடித்துக்கொண்டிருக்க, கீழே தன் தோழர்கள் சுடப்படுவதை அவன் செத்தவன் போலத் தொங்கிக்கொண்டே பார்க்கிறான். அவனால் ஓடவும் முடியாது, சுடவும் முடியாது.

என் கட்சி இதுதான். போரில் சுடுவது கொஞ்ச நேரம், காத்துக்கிடப்பது நெடுநேரம். அந்தக் காத்திருப்பைப் படமாக்கத் தெரிந்தவர்கள்தான் நல்ல போர்ப் படம் எடுத்திருக்கிறார்கள்; மற்றவர்கள் வெடிமருந்துக்குச் செலவழித்திருக்கிறார்கள்.

இதற்கு நான் முதலில் காட்டுவது 1981இல் வொல்ஃப்காங் பீட்டர்சன் இயக்கிய ‘தாஸ் போட்’ என்ற ஜெர்மன் படம். யு-96 என்ற நீர்மூழ்கிக் கப்பலுக்குள்ளேயே அநேகமாக முழுக் கதையும் நடக்கிறது. மேலே எதிரியின் போர்க்கப்பல் தேடிக்கொண்டிருக்கும்போது உள்ளே இருப்பவர்களால் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. மூச்சை அடக்கி, மேலே நிமிர்ந்து பார்த்து, எதிரி நீருக்குள் தேடுவதற்காக அனுப்பும் சோனார் ஒலி தங்கள் கப்பலின் உடம்பில் பட்டுத் தெறிப்பதைக் கேட்க வேண்டியதுதான். பிறகு ஆழம் காட்டும் முள் மெல்ல இறங்கத் தொடங்குகிறது, தண்ணீரின் அழுத்தம் தாங்காமல் ஆணிகள் துப்பாக்கிக் குண்டுகளைப் போலத் தெறிக்கின்றன. யோஸ்ட் வக்கானோ என்ற ஒளிப்பதிவாளர் கேமராவைக் கையில் பிடித்துக்கொண்டு அந்தக் குறுகிய வழியில் மாலுமிகளுக்குப் பின்னால் ஓடியே படம் பிடித்திருக்கிறார். பார்க்கும் எனக்கே தோள்பட்டை இடித்துக்கொண்டது போல் இருந்தது.

இட்லரின் கடற்படையினருக்காக நாம் ஏன் மூச்சைப் பிடிக்க வேண்டும் என்று கேட்பவர்களின் பக்கமும் நியாயம் இருக்கிறது. அதற்குப் படம் தரும் பதில் ஒரே காட்சியில் இருக்கிறது. தாங்கள் தாக்கிய எண்ணெய்க் கப்பல் எரிந்துகொண்டிருக்க, அதிலிருந்து குதித்தவர்கள் உயிர்பிழைக்கக் கத்திக்கொண்டே நீர்மூழ்கியை நோக்கி நீந்தி வருகிறார்கள். கேப்டன் கப்பலைப் பின்னால் நகர்த்தச் சொல்கிறார். அத்தனை நேரம் அந்தக் குழுவோடு சேர்ந்து பயந்த நாமும் அந்தக் கட்டளைக்கு உடந்தையாகிவிடுகிறோம். என் குறை வேறு இடத்தில் இருக்கிறது. கப்பலில் நாஜிக் கொள்கையை மனமார நம்புபவராக ஓர் அதிகாரியை மட்டும் வைத்துவிட்டு, மற்ற எல்லோரையும் சலிப்புற்றவர்களாகவும் கேலிபேசுபவர்களாகவும் காட்டியிருப்பது இயக்குநருக்கு மிகவும் வசதியான ஏற்பாடு.

போர் இல்லாமலே போர்ப் படத்தின் பயத்தைத் தருவது 1953இல் வந்த ‘தி வேஜஸ் ஆஃப் ஃபியர்’. ஹென்றி ஜார்ஜ் க்ளூசோ இயக்கிய பிரெஞ்சுப் படம். எண்ணெய்க் கிணற்றில் பற்றிய தீயை அணைப்பதற்காக நைட்ரோகிளிசரின் என்ற வெடிமருந்தை இரண்டு லாரிகளில் ஏற்றி, மோசமான மலைப்பாதையில் நான்கு பேர் ஓட்டிப்போகிறார்கள். கொஞ்சம் அதிகமாகக் குலுங்கினால் போயிற்று. லாரி கிளம்புவதற்கே ஒரு மணி நேரத்துக்கு அருகில் ஆகிவிடுகிறது என்று குறை சொல்பவர்கள் உண்டு. முதல் தடவை நானும் சொன்னேன். அந்த ஊரின் வெயிலிலும் வேலையின்மையிலும் நாமும் அவ்வளவு நேரம் கிடந்து புழுங்கினால்தான், இரண்டாயிரம் டாலருக்காக ஒருவன் ஏன் அந்த ஸ்டியரிங்கைப் பிடிக்கிறான் என்பது புரிகிறது என்று இரண்டாம் முறைதான் உறைத்தது. ஒரு லாரி வெடித்துச் சிதறுவதைக் க்ளூசோ எப்படிக் காட்டுகிறார் தெரியுமா? பின்னால் வரும் லாரியில் ஒருவர் சிகரெட் சுருட்டிக்கொண்டிருக்கிறார். தாளில் இருந்த புகையிலைத் தூள் சட்டென்று பறந்துபோகிறது. பிறகுதான் ஒளியும் சத்தமும். இரண்டு மனிதர்கள் இல்லாமல்போனதை ஒரு சிட்டிகைப் புகையிலையை வைத்துச் சொல்லிவிட்டார்.

ஜெர்மானியரின் சிறைமுகாமிலிருந்து போர்க்கைதிகள் தப்பிப்போகும் கதையான ‘தி கிரேட் எஸ்கேப்’ பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் பாதிப் படம்தான் எனக்குப் பிடிக்கும். சுரங்கம் தோண்டுவதும், தோண்டிய மண்ணைக் கால்சட்டைக்குள் மறைத்து வைத்த பைகளிலிருந்து நடந்துகொண்டே உதிர்ப்பதும் எத்தனை முறை பார்த்தாலும் சலிக்காது. ஸ்டீவ் மெக்வீன் மோட்டார் சைக்கிளில் பறக்கத் தொடங்கியதும் அது வேறு படமாகிவிடுகிறது. முள்வேலியைத் தாண்டும் புகழ்பெற்ற அந்தத் தாவலைச் செய்தவர் மெக்வீனும் இல்லை, பட் எகின்ஸ் என்ற சாகசக்காரர். 1944 மார்ச்சில் உண்மையாகவே தப்பிய 76 பேரில் அமெரிக்கர் எவரும் கிடையாது. 73 பேர் பிடிபட்டார்கள், அவர்களில் 50 பேர் இட்லரின் ஆணைப்படி சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்த ஐம்பது பேருக்குத்தான் படத்தையே காணிக்கையாக்கியிருக்கிறார்கள். அப்படியிருக்க, படம் முடிந்து எழுந்து போகிறவர்கள் அந்த மோட்டார் சைக்கிளைத்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள் என்பது எனக்கு உறுத்துகிறது.

இனி எனக்கு மிகவும் பிடித்ததும், அதே அளவுக்குக் கோபம் தருவதுமான படம்: டேவிட் லீன் 1957இல் எடுத்த ‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்’. ஏழு ஆஸ்கர் விருதுகள் வாங்கியது. அதன் கடைசி அரை மணி நேரத்தை சஸ்பென்ஸ் பாடம் என்றே சொல்வேன். ஜப்பானியருக்காகப் போர்க்கைதிகள் கட்டிய ரயில் பாலத்தைத் தகர்க்க வந்த நேச நாட்டு வீரர்கள், இரவோடு இரவாக அதன் தூண்களில் வெடிகுண்டு கட்டிவிடுகிறார்கள். விடிந்து பார்த்தால் ஆற்றில் தண்ணீர் வடிந்து, மறைந்திருந்த வெடிகுண்டுக் கம்பி மணல் மேல் பளிச்சென்று தெரிகிறது. ரயில் வந்துகொண்டிருக்கிறது. கைதிகளை வைத்துப் பாலத்தைக் கட்டிய, தானும் கைதியான பிரிட்டிஷ் கர்னல் நிக்கல்சன் மேலே நின்று தன் சாதனையை ரசித்துக்கொண்டிருக்கும்போது அந்தக் கம்பி அவர் கண்ணில் படுகிறது. அவர் கீழே இறங்கி வந்து அதைப் பிடித்து இழுத்துக்கொண்டே நடக்கும்போது, பாலம் உடைய வேண்டுமா நிற்க வேண்டுமா என்று எனக்கே தெரியவில்லை. எதிரியின் பாலம் அது. ஆனால் இரண்டு மணி நேரமாக அது எழும்புவதைப் பார்த்துப் பார்த்து அதன்மேல் எனக்கும் பாசம் வந்துவிட்டது. நிக்கல்சனாக நடித்த அலெக் கின்னஸ் தான் செய்தது என்ன என்று கடைசியில் திடுக்கிடும்போது நானும் சேர்ந்து திடுக்கிட்டேன்.

கோபத்துக்கு வருகிறேன். சயாமையும் (இன்றைய தாய்லாந்து) பர்மாவையும் இணைத்த அந்த ரயில்பாதை சுமார் 415 கிலோமீட்டர் நீளம். 1942, 43ஆம் ஆண்டுகளில் ஜப்பானியப் படை அதைப் போட்டபோது பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நேச நாட்டுப் போர்க்கைதிகள் இறந்தார்கள். அவர்களைவிடப் பல மடங்கு அதிகமாக இறந்தவர்கள் ஆசியத் தொழிலாளர்கள். அவர்களில் மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் ஏராளம். மலேசியத் தமிழர் இன்றும் அதைச் சயாம் மரண ரயில் என்றுதான் சொல்கிறார்கள். காலராவிலும் பட்டினியிலும் செத்த அந்தக் கூட்டத்துக்குப் படத்தில் இடமே கிடையாது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு: படத்தின் பாலத்தைக் கட்டியது தாய்லாந்தில் அல்ல, இலங்கையில், கித்துல்கல என்னும் இடத்தில் களனி ஆற்றின் மேல். ஜப்பானியப் பொறியாளர்களுக்குப் பாலம் கட்டத் தெரியாதது போலவும், வெள்ளைக்காரக் கைதிகள் வந்து சொல்லிக்கொடுத்தது போலவும் காட்டியதும் சுத்தப் பொய். உண்மையான பாலம் விமானக் குண்டுவீச்சில்தான் சேதமடைந்தது. படத்தைப் பார்த்துவிட்டுக் குவாய் ஆற்றைத் தேடி வந்த சுற்றுலாப் பயணிகளுக்காக, 1960களில் தாய்லாந்து, உண்மையான பாலம் நின்ற வேறோர் ஆற்றின் அந்தப் பகுதிக்கே குவாய் என்று பெயர் மாற்றி வைத்தது. இத்தனையும் தெரிந்த பிறகும் அந்தக் கம்பி மணலில் தெரியும் நொடியில் எனக்கு வயிற்றைப் பிசைகிறது, என்ன செய்வது?

கடைசியாக நம் ஊர்ப் படம். எஸ். பாலசந்தர் இயக்கி, ஏவி.எம். தயாரித்து 1954இல் வந்த ‘அந்த நாள்’ போர்ப் படமும்தான், சஸ்பென்ஸ் படமும்தான். 1943 அக்டோபரில் ஜப்பானிய விமானம் சென்னைமேல் குண்டு போட்ட சமயத்தில் ஒரு ரேடியோ பொறியாளர் தன் வீட்டில் சுடப்பட்டுக் கிடக்கிறார். பாட்டில்லை, நடனமில்லை, சண்டையில்லை. ‘பராசக்தி’ வந்து இரண்டே ஆண்டுகள் ஆகியிருக்க, சிவாஜி கணேசன் நாட்டைக் காட்டிக்கொடுப்பவனாக, தொடக்கத்திலேயே செத்து விழுபவனாக நடித்திருக்கிறார். இதை, குரோசாவா என்ற ஜப்பானிய இயக்குநரின் ‘ராஷோமோன்’ படத்தின் பாணி என்று எல்லோரும் சொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். குரோசாவாவின் படத்தில் ஒரே சம்பவத்தை ஒவ்வொருவரும் வேறு மாதிரி சொல்கிறார்கள். இங்கே ஒவ்வொருவரும் வேறொருவர்மேல் பழியைத் தள்ளுகிறார்கள். ஆகவே உண்மை என்ன என்ற குழப்பத்தைவிட, கொன்றது யார் என்ற கேள்விதான் நம்மைக் கட்டிப்போடுகிறது. மனைவியாக வரும் பண்டரிபாயின் நடிப்பில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் மனைவியும் கணவனும் எதிரெதிரே நிற்கும் அந்தக் கடைசிக் கட்டத்தில், துப்பாக்கி கையில் இருக்கும்போதே தேசபக்தியைப் பற்றி இவ்வளவு நேரம் வசனம் பேச வேண்டுமா? பாலசந்தர் அங்கே இருவரையும் வாயை மூடிக்கொண்டு நிற்கவைத்து, ஒளியையும் நிழலையும் மட்டும் நம்பியிருந்தால், கோபுரத்தில் தொங்கிய அந்த வீரனைப் பார்த்தபோது எனக்கு எப்படி இருந்ததோ அப்படி இங்கேயும் இருந்திருக்கும்.