தூங்குகிறவனுக்குக் கணக்கு எழுதுவது யார்?

நேயர்களுக்கு வணக்கம். ஒருவனைப் பெட்டிக்குள் படுக்க வைத்து, உடம்பைக் குளிரவைத்து, நூறு இருநூறு வருஷம் கழித்து எழுப்புகிற கதைகளைச் சினிமாவிலாவது பார்த்திருப்பீர்கள். கண்ணாடி மூடி, உள்ளே வெளிறிய முகம், ஓரத்தில் ஒரு சின்ன விளக்கு. பள்ளிக்கூட நாளிலிருந்து இந்தக் கதைகளைத் தேடித் தேடிப் படித்து வருகிறேன். பெட்டி எப்படி வேலை செய்கிறது என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். எனக்கோ பெட்டிக்கு வெளியே விழித்திருக்கிறவர் மேல்தான் கண். அவர் யார், அவரை நம்பலாமா?

1899இல் ஹெச்.ஜி.வெல்ஸ் ஒரு நாவல் எழுதினார். கிரஹாம் என்ற ஆங்கிலேயன் தூக்கமே வராமல் தவித்து, கடைசியில் ஒரு மயக்கத்தில் விழுகிறான். விழிக்கும்போது 203 வருஷம் ஓடிவிட்டது. அதற்குள் அவன் பெயரில் இருந்த சொத்து வட்டியும் முதலுமாகப் பெருகி, பாதி உலகம் அவனுக்குச் சொந்தம். வட்டிக் கணக்கு தெரிந்த நம் ஊர்க்காரர்களுக்கு இது கட்டுக்கதையாகத் தோன்றாது. வருஷத்துக்கு நூற்றுக்கு 5 வீதம், வட்டிக்கு வட்டி சேர்த்து, 100 ரூபாயை 203 வருஷம் போட்டு வைத்தால் ஏறத்தாழ 20 லட்சம் வரும். நீங்களே போட்டுப் பாருங்கள்.

இந்தக் கதையை எங்கள் அப்பத்தாவிடம் ஒரு நாள் சொன்னேன். வளவில், அதாவது வீட்டின் உள்முற்றத்தில், உட்கார்ந்து மிளகாய்க்குக் காம்பு கிள்ளிக்கொண்டே கேட்டார்கள். இத்தனை வருஷம் ஒருவன் தூங்கினான் என்றதற்குப் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. அப்பத்தாவின் வீட்டுக்காரர், எங்கள் ஐயா, பர்மாவில் ஒரு கடைக்கு மேலாளாக இருந்தவர்கள். ஒரு தடவை கப்பலேறினால் மூன்று வருஷக் கணக்கை முடித்துத்தான் ஊர் திரும்புவார்களாம். கைக்குழந்தையாக விட்டுப்போன பிள்ளை, திரும்பி வந்தவரைப் பார்த்ததும் அப்பத்தாவின் சேலைக்குப் பின்னால் ஓடி ஒளியுமாம். கதை முழுக்கக் கேட்டுவிட்டு அப்பத்தா கேட்டார்கள்: "அதெல்லாம் சரிப்பா, அவன் தூங்குறப்போ பேரேடு எழுதினது யாரு? ஐந்தொகை பார்த்தது யாரு? தூங்குறவன் எழுந்து வந்து ஒரு வார்த்தை கேட்க முடியாதுல்ல?"

ஐந்தொகை என்றால் வரவு செலவை முடித்துப் பார்க்கும் இருப்புக் கணக்கு. அந்த நாவலின் உயிரே அந்தக் கேள்விதான். சொத்தைப் பார்த்துக்கொள்ள வந்த தர்மகர்த்தாக்கள் தூங்குகிறவன் பெயரைச் சொல்லியே உலகத்தை ஆள்கிறார்கள். அவன் தூங்கும்வரை எல்லாம் சௌகரியம். கண் விழித்ததும் அவனை அடைத்து வைக்கிறார்கள். எத்தனை தடவை படித்தாலும் அந்த இடத்தில் எனக்கு நெஞ்சு பதறும்.

அப்புறம் வந்த கதைகளிலும் இதே பயம்தான். 1968இல் வந்த 2001: எ ஸ்பேஸ் ஒடிஸி படத்தில் வியாழனுக்குப் போகும் கப்பலில் மூன்று பேர் உறக்கத்தில் இருப்பார்கள். அவர்களைப் பார்த்துக்கொள்வது ஒரு கம்ப்யூட்டர். அதே கம்ப்யூட்டர்தான் அவர்களை உறக்கத்திலேயே கொல்லும். ஒரு கூச்சல் கிடையாது, திரையில் கோடுகள் மட்டம் ஆகும், அவ்வளவுதான். பாகவதத்து முசுகுந்தனையும் இங்கே நினைத்துக்கொள்கிறேன். தேவர்களுக்காகச் சண்டை போட்டுக் களைத்து, தூக்கத்தை வரமாக வாங்கியவன். எழுப்புகிறவன் எரிந்து போவான் என்பதால் அவனுக்குக் காவல் ஆளே தேவைப்படவில்லை. காலயவனன் என்ற அரசன் உதைத்து எழுப்பிச் சாம்பலானான். மனிதர்களுக்கு அப்படி வரம் யார் தருவார்?

இது கதையோடு நிற்கவில்லை. 1967இல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் ஜேம்ஸ் பெட்ஃபோர்ட் என்ற பேராசிரியர் இறந்ததும், என்றாவது எழுப்புவார்கள் என்ற நம்பிக்கையில் உடலை உறைய வைத்தார்கள். அது இன்றும் உறைந்த நிலையில் இருக்கிறது. ஆனால் அதே கலிஃபோர்னியாவில், சாட்ஸ்வொர்த் என்ற ஊர் இடுகாட்டின் நிலவறையில் வைத்த சில உடல்களுக்கு 1970களில் பணம் வருவது நின்றது. குளிர் போனது, உடல்கள் உருகிப்போயின. நம் செட்டிநாட்டில் கானாடுகாத்தான், பள்ளத்தூர் பக்கம் பூட்டிக் கிடக்கும் வீடுகளைப் பாருங்கள். பங்காளிகள் பணம் போட்டு வருஷா வருஷம் ஓடு மாற்றுகிற வீடு நிற்கிறது. பணம் நின்றால் நாலு மழையில் கூரை இறங்கிவிடுகிறது. அந்த நிலவறையில் நடந்ததும் அதுதான்.

நேரம் ஆகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். தவளையைப் பற்றி விரிவாகச் சொல்ல வந்தேன், சுருக்கிக்கொள்கிறேன். அலாஸ்காவில் ஒரு காட்டுத்தவளை குளிர்காலத்தில் உறைந்து, இதயமே நின்று, வசந்தத்தில் உருகி மறுபடி தத்திப் போகிறது. ஈரல் அள்ளிவிடும் சர்க்கரை அதன் செல்களைக் காக்கிறது. மனித உடம்பில் பனிப்படிகம் செல்களைக் கிழித்துவிடும் என்பதால் நமக்கு அது இன்னும் கைகூடவில்லை. சில செல்களே உள்ள கருவுக்கு முடிந்திருக்கிறது. உறைய வைத்த கருவிலிருந்து முதல் குழந்தை 1984இல் ஆஸ்திரேலியாவில் பிறந்தது. அந்தக் கருக்கள் இருக்கும் கலனிலும் திரவ நைட்ரஜன் மெல்ல ஆவியாகிக்கொண்டே இருக்கும். அளவு பார்த்து ஊற்றுவதற்கு அங்கேயும் ஓர் ஆள் வேண்டும். நன்றி, வணக்கம்.