பாதையேறி அக்கரை போனவனை யார் பிடிப்பது?

தலைவர் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் கோயில் நிர்வாகம் பார்க்கும் வண்ணக்கர் ஐயாமாரே, பிரதேச செயலகத்திலிருந்து வந்திருக்கும் அம்மா, இந்த வெயிலிலும் கோட் போட்டு வந்த அதிபர் ஐயா, மாலை போட்ட மாதர் சங்கத்தார், எல்லாருக்கும் வணக்கம். ஒலிபெருக்கித் தம்பிக்குத் தனி வணக்கம், என் மானம் அவர் கையில்.

மூன்று விசயம் பேசுவேன்: ஓடிப்போனவனைக் கையளிக்கும் வெள்ளைக்காரன் சட்டம், ஒரு நாட்டில் இரண்டு அரசு இருந்தால் யாரிடம் கையளிப்பது, மூன்றாவது அது நமக்கு என்ன. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பீர்கள், பொறுங்கள்.

1870 இல் பிரித்தானியா போட்ட சட்டம் அந்நிய நாடுகளுக்கானது, அரசியல் குற்றத்துக்கு அதில் விலக்கு உண்டு. 1881 இல் தன் ஆட்சிக்குட்பட்ட நாடுகளுக்குள் ஓடுகிறவனைப் பிடிக்க இன்னொன்று போட்டது, அதில் அந்த விலக்கு இல்லை. பாரதி 1908 இல் போய்ச் சேர்ந்த பாண்டிச்சேரி பிரெஞ்சு மண், அங்கே பிரித்தானியா நேரே கைவைக்க முடியாது. 1918 இல் எல்லை தாண்டிப் பிரித்தானிய மண்ணில் கால்வைத்தார், கடலூர்ப் பக்கம் பிடித்துவிட்டார்கள்.

சீனாவில் சிக்கல் வேறு. பிரித்தானியர் கையில் இருந்த ஹொங்கொங்குக்கு ஓடிவந்த குற்றவாளியைச் சீனாவிடம் கொடுக்க வேண்டும் என்று 1858 ஒப்பந்தம். 1917 இல் புரட்சித் தலைவர் சுன் யாட் சென் தெற்கே கன்டனில் தனி அரசு வைத்தார், வல்லரசுகளோ வடக்கே பீக்கிங்கில் இருந்த அரசைத்தான் அங்கீகரித்தன. களவு பக்கத்துக் கன்டனில், ஆளைக் கேட்டு எழுதும் முத்திரை எங்கேயோ பீக்கிங்கில்!

இது எங்கள் அம்மப்பாவுக்கு நடந்த கதைதான். ஒருவன் அவருடைய வீச்சுவலையைத் தூக்கிக்கொண்டு, வாவியைக் கடக்கும் மிதவையான பாதையில் ஏறி அக்கரையிலுள்ள படுவான்கரைக்கு, பெண்சாதி வீட்டுக்குப் போய்விட்டான். அம்மப்பா அந்த ஊர்க் கோயில் தலைவருக்குக் கடிதம் கொண்டுபோனார். அங்கே தலைவர் இரண்டு பேர். ஒருவர் வாங்கி வாசித்து, நாளைக்கே ஆளை அனுப்புகிறேன் என்றார். மற்றவர், ‘அவருக்கு எழுதினால் அவர் தலைவராகிவிடுவாரோ? பொடியன் என் பெரியம்மா மகன், எனக்கு எழுதும்’ என்றார். மூன்றாம் முறை கடிதத்தில் யார் பெயரும் போடாமல், வெற்றிலைத் தட்டோடு போனார். தட்டை யார் வாங்குவதென்று இரண்டு பேரும் சண்டை. வெறுங்கையோடு திரும்பிப் பாதையேறினால், பக்கத்தில் அந்தக் கள்ளன், மடியில் வலை! மாமியார் துரத்திவிட்டாளாம்.

விலாசம் எழுதினாலே அங்கீகாரம், அவ்வளவுதான். 1928 டிசம்பரில் பிரித்தானியா சீனாவில் புதிதாக வந்த நான்கிங் அரசை அங்கீகரித்ததும் சுங்கவரி ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்து வைத்துத்தான்.

சரி, அம்மப்பா கொண்டுபோன கடிதங்களில் ஒன்று அம்மாச்சியின் பெட்டகத்தில் கிடந்தது. நான் எடுத்தபோது மேல்பாதியைக் கறையான் தின்றிருந்தது, விலாசமே இல்லை. இதற்காகத்தான் நான் போகிற மேடையெல்லாம் கேட்கிறேன், நம் நூலகத்தில் பழைய காணி உறுதி, கடிதம், வழக்குத்தாள் வைக்க ஈரம் ஏறாத ஓர் அறை வேண்டும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதுதான், ஏட்டையே கறையான் தின்றால் என்ன செய்வது? செயலக அம்மா தலையாட்டுகிறார், எல்லாரும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது விசயத்துக்கு நேரமில்லை, தலைவர் மணியைப் பார்க்கிறார். வாசல் மேசையில் ஒரு கொப்பி இருக்கிறது. வீட்டில் பழைய தாள் வைத்திருப்பவர்கள் பெயரை எழுதிவிட்டுப் போங்கள், கறையான் தின்றது என்றாலும் பரவாயில்லை.